நேர்வழி கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்

1918 ஏப்ரலில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே சிறையின்கீழ் தாலூகாவைச் சேர்ந்த வக்கம் என்ற காயலோர ஊர்க்காரர் ஒருவர் ‘அல்-இஸ்லாம்’ என்ற இதழைத் தொடங்கினார். மொழி மலையாளம், எழுத்து அரபு. அன்றைய முஸ்லிம் வீடுகளில் பலருக்கும் கைவந்திருந்தது அந்த எழுத்துதான் என்பதால் அப்படி அச்சிட்டார். உரூஸ் (தர்கா விழா), நேர்ச்சை என்ற பெயரில் நடந்துவந்தவற்றை இதழ் கண்டித்தது. குர்ஆனைப் பொருள் தெரிந்து ஓத வேண்டும் என்றது. இதழை வாசிப்பதே பாவம் என்று உலமாக்களில் (மார்க்க அறிஞர்களில்) ஒரு சாரார் ஃபத்வா கொடுத்தார்கள். பணமும் போதவில்லை, வாசகரும் போதவில்லை. சில இதழ்களோடு அது நின்றுபோனது.

அதை நடத்தியவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி (1873–1932). இதே ஊரில் பிறந்து, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, 1943இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட இளைஞர் அப்துல் காதர் வேறு ஒருவர். மௌலவியின் தாய்வழி முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து திருவிதாங்கூர்ப் படையில் இருந்தவர்கள். அரபு, பாரசீகம், உருது, சமஸ்கிருதத்தோடு தமிழும் அறிந்தவர் அவர். 1905இல் அஞ்சுதெங்கிலிருந்து ‘சுதேசாபிமானி’ பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. 1906இல் ‘முஸ்லிம்’, 1918இல் ‘அல்-இஸ்லாம்’, 1931இல் ‘தீபிகா’ என்று, ஒன்று நின்றால் இன்னொன்றாக நடத்திக்கொண்டே இருந்தார்.

ஓதுவது வேறு, பொருள் தெரிந்து ஓதுவது வேறு என்று ஒருவர் சொன்னதற்கு ஏன் இத்தனை கோபம்? குர்ஆனின் முதல் சில அத்தியாயங்களை நிதானமாக வாசித்தால் காரணம் தெரியும் என்று நான் நினைக்கிறேன். நேர்வழி காட்டு என்ற வேண்டுதலோடு அந்த நூல் திறக்கிறது. அதற்குப் பின் வரும் நீண்ட பதிலில் பெரும்பங்கு மனிதர் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியது. கடன், அநாதையின் சொத்து, விவாகரத்து பெற்றவளின் உரிமை, பொய்ச்சாட்சி, நீதிபதிக்குப் போகும் லஞ்சம் எல்லாம் அதில் வருகின்றன. ஒலியாக மட்டும் கேட்கும்வரை அது மனதைக் குளிர்விக்கும். பொருளோடு கேட்டால் கேட்பவரிடம் கணக்குக் கேட்கும்.

குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் ஏழே வசனங்கள். ஐவேளைக் கடமைத் தொழுகைகளில் மட்டும் ஒருவர் நாளொன்றுக்குப் பதினேழு முறை அதை ஓதுகிறார் அல்லது கேட்கிறார். திருவனந்தபுரத்தில் இதிலும் ஒரு வேறுபாட்டைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். மலையாள முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபை (சட்ட மரபை)ப் பின்பற்றுபவர்கள். இமாம் பிஸ்மில்லாவைச் சத்தமாக ஓதுவார், பின்னால் நிற்பவர்களும் தத்தமக்குள் ஃபாத்திஹாவை ஓதிக்கொள்வார்கள், ஆமீன் பள்ளி முழுக்க எழும். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். அவர்களின் முறையில் இமாம் ஓதும்போது மற்றவர்கள் மௌனமாகக் கேட்பார்கள், பிஸ்மில்லாவும் ஆமீனும் உதட்டளவில் நிற்கும். பிஸ்மில்லாவை முதல் வசனமாக எண்ணுவோரும் எண்ணாதோரும் உண்டு. எண்ணாதவர்கள் கடைசி வசனத்தை இரண்டாகப் பிரிப்பதால் எப்படிப் பார்த்தாலும் எண்ணிக்கை ஏழுதான். பல நூற்றாண்டுச் சட்ட விவாதம் இதற்குள் இருக்கிறது.

இந்த ஏழு வசனங்களுக்குள் ஒரு நகர்வு இருக்கிறது. முதல் பாதி இறைவனைப் புகழ்கிறது: அகிலங்களை வளர்ப்பவன், அருளாளன், தீர்ப்பு நாளுக்கு உரியவன். நடுவில், வணங்குவதும் உதவி கேட்பதும் அவனிடம் மட்டுமே என்ற உறுதிமொழி. அதன்பின் ஒரே ஒரு விண்ணப்பம். சோறு, செல்வம், நீண்ட ஆயுள் எதையும் அது கேட்கவில்லை. வழியைக் கேட்கிறது. அதையும் தனக்கென்று கேட்பதில்லை. தனியறையில் தனியாகத் தொழுபவரும் எல்லாருக்காகவும் சேர்த்தே கேட்கிறார். அருளும் தீர்ப்பும் அடுத்தடுத்து வருவதில் உரையாசிரியர்கள் பலர் தங்கியிருக்கிறார்கள். அபுல் கலாம் ஆசாத் தமது ‘தர்ஜுமானுல் குர்ஆன்’ நூலின் முதல் தொகுதியை 1931இல் வெளியிட்டபோது, ஃபாத்திஹா ஒன்றுக்கே ஒரு புத்தகம் அளவுக்கு விளக்கம் எழுதினார். உயிர்களைப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் பேணலும், அருளும், நீதியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, எல்லாச் சமயங்களின் வேரும் இதுவே என்பது அவர் வாதம்.

காந்தியின் பிரார்த்தனைக் கூட்டங்களிலும் ஃபாத்திஹா ஓதப்பட்டது. 1947இல் டெல்லியில் சிலர் எழுந்து ஆட்சேபித்தார்கள். அப்போது அவர் ஓதலை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடரவில்லை, கூட்டத்தையே நிறுத்தினார். பிரிவினை ரத்தம் தெருவில் ஓடிய நாட்களில் அந்த ஏழு வசனங்களை விட்டுக்கொடுக்க ஒரு வைணவர் மறுத்தார் என்பதை இன்றைய தலைமுறைக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ஃபாத்திஹாவுக்கு அடுத்து அல்பகரா. 286 வசனங்கள், குர்ஆனிலேயே மிக நீண்டது. ஆனால் பிள்ளைகள் இந்த வரிசையில் ஓதிப் பழகுவதில்லை. ஓதுபள்ளியில் எழுத்துக்கூட்டி முடித்ததும் ஃபாத்திஹா, அதன்பின் நூலின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்வு. அதிலுள்ள சிறிய அத்தியாயங்கள் பெரும்பாலும் மக்காவில் இறங்கியவை, மறுமையைப் பற்றியவை, மனப்பாடத்துக்கு எளியவை. பெரிய அத்தியாயங்களைப் பிள்ளை எட்டும்போது வயது பத்தைத் தாண்டியிருக்கும், பள்ளிக்கூடப் படிப்பும் கழுத்தை நெரிக்கும். ஓதி முடித்துத் தமாம் கொண்டாடி, மிட்டாய் கொடுத்து, குர்ஆனை உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதன்பிறகு அல்பகரா காதில் விழுவது ரமலானில். தராவீஹ் தொழுகையில் ஓர் இரவுக்கு ஒரு ஜுஸ்வு என்று ஓதும் பள்ளிகளில் முதல் இரவில் தொடங்கி மூன்றாம் இரவில் அது முடிகிறது. பள்ளிவாசல் நிரம்பி வழியும் இரவுகள் அவை. அந்த மூன்று இரவுகளில் ஓதப்படுவது என்ன என்று வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தால் நம் ஊர்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்த அத்தியாயம் இறங்கியது மதீனாவில். அதற்கு முன் நம்பிக்கையாளர்கள் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மை. மதீனாவில் அவர்கள் ஒரு சமுதாயமாகக் கூடி வாழத் தொடங்கியிருந்தார்கள். அத்தியாயத்தின் கேள்விகள் அதனாலேயே இவ்வளவு நடைமுறை சார்ந்தவை. தொடக்கத்தில் மூவகை மனிதர்கள்: நம்புவோர், மறுப்போர், நாவில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றுமாக இருப்போர். மூன்றாம் வகைக்குத்தான் அதிக வசனங்கள். பிறகு ஆதமின் கதை. பூமியில் ஒரு பிரதிநிதியைப் படைக்கப்போவதாக இறைவன் அறிவித்ததும், குழப்பம் செய்து ரத்தம் சிந்துபவனையா என்று வானவர்கள் கேட்கிறார்கள். அந்த ஐயம் பொய் என்று இறைவன் சொல்லவில்லை. ஆதமுக்குப் பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்து, வானவர்கள் அறியாததை அவன் அறிகிறான் என்று காட்டுகிறான். மனிதனைப் பற்றிய இந்த முதல் காட்சியிலேயே அவன் பெருமை கல்வியில் இருக்கிறது. முஸ்லிம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லித் திருவிதாங்கூர் முழுக்க அலைந்த ஒரு மௌலவிக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியிருந்திருக்காது.

அதன்பின் இஸ்ரவேலரின் வரலாறு. அத்தியாயத்துக்குப் பெயர் தந்த பசுவின் கதை இங்கேதான் வருகிறது. ஒரு பசுவை அறுங்கள் என்று மூஸா நபி சொல்கிறார். எந்த வயது, என்ன நிறம், எப்படிப்பட்டது என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் மனமில்லாமல் செய்கிறார்கள். கட்டளையின் நோக்கத்தைத் தொலைத்துவிட்டு நுணுக்கத்தில் புகுந்துகொள்ளும் மனப்போக்கை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இது பிறருடைய குறை என்று படித்துவிட்டுப் போகும் முஸ்லிம் வாசகர், தமது சமூகத்தின் சடங்குச் சண்டைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

நடுப்பகுதியில் இப்ராஹீமும் மகனும் கஅபாவைக் கட்டுகிறார்கள். தொழுகையின் திசை ஜெருசலேமிலிருந்து மக்காவுக்கு மாறுகிறது. திசை மாற்றம் அன்றைக்குப் பெரிய சர்ச்சை. அதைப் பேசி முடித்துச் சில பக்கங்கள் கழித்து 177ஆம் வசனம் வருகிறது. கிழக்கே திரும்புவதா மேற்கே திரும்புவதா என்பதில் நன்மை அடங்கிவிடவில்லை என்று அது தொடங்கி, நன்மை எதுவெனப் பட்டியலிடுகிறது. இறைநம்பிக்கைக்கு அடுத்து, தொழுகையைச் சொல்வதற்கும் முன்னால், நேசிக்கும் பொருளை உறவினருக்கும் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் கேட்டு வருவோருக்கும் அடிமைகளை மீட்பதற்கும் கொடுப்பதைச் சொல்கிறது. தொழுகையும் ஜகாத்தும் அதற்குப் பிறகு. வாக்குத் தவறாமையும் துன்பத்தில் பொறுமையும் அவற்றை ஒட்டி. என் கணிப்பில் முதல் ஐந்து அத்தியாயங்களுக்கும் மையமான வசனம் இதுதான். மற்றதெல்லாம் இதன் விரிவுரை.

நோன்பு விதிகளை 187ஆம் வசனம் முடித்த கையோடு 188, பிறர் பொருளை அநியாயமாக விழுங்காதீர்கள், அதற்காக அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள் என்கிறது. பகல் முழுக்கத் தன் சோற்றையே தொடாதவனிடம் பிறன் சோற்றைப் பற்றிப் பேசுகிறது என்று இந்த வரிசையை வாசிக்கலாம். விவாகரத்து பற்றிய பகுதியில் பிரிந்த தாயின் பாலூட்டும் காலம், தந்தை தரவேண்டிய உணவு உடை, பால்குடி மறக்கடிப்பதை இருவரும் கலந்து முடிவு செய்வது வரை வருகிறது. தர்மத்தைப் பற்றிய 261 முதலான வசனங்களில், ஒரு விதை ஏழு கதிர்களாகப் பெருகும் காட்சிக்குப் பிறகு, கொடுத்ததைச் சொல்லிக்காட்டிப் புண்படுத்தும் தர்மத்தைவிட ஓர் இனிய சொல் மேல் என்று வருகிறது. நன்கொடையாளர் பெயரைப் பளிங்கில் செதுக்கும் நம் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

மற்ற மூன்று நீண்ட அத்தியாயங்களை விரைவாகச் சொல்லலாம். ஆலு இம்ரான் மர்யமையும் ஈஸாவையும் போற்றுகிறது, உஹத் போர்த் தோல்விக்குப் பின் மனமுடைந்தவர்களிடம் பேசுகிறது. அந்தத் தோல்விக்குக் காரணமானவர்களையும் மன்னித்து, காரியங்களில் அவர்களைக் கலந்தாலோசிக்கும்படி நபிகள் நாயகத்துக்குச் சொல்கிறது. அன்னிஸா அநாதைகள், பெண்கள், வாரிசுரிமை பற்றியது. அதன் 135ஆம் வசனம், சாட்சி சொன்னால் பாதகம் தனக்கே வந்தாலும், பெற்றோருக்கே வந்தாலும் நீதியின் பக்கம் நில் என்கிறது. அல்மாயிதாவின் 8ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மேலுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்கிறது.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கடினமான இடங்களைத் தவிர்ப்பது நேர்மையாகாது. இதே அத்தியாயங்கள் யூதரோடும் கிறிஸ்தவரோடும் கடுமையாக வாதாடுகின்றன. அல்பகரா 190 தொடங்கிப் போர் பற்றிய வசனங்கள் வருகின்றன. அவற்றில் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்புவோர் உள்ளேயும் இருக்கிறார்கள், வெளியேயும் இருக்கிறார்கள். 190 உங்களோடு போரிடுவோரோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்று எல்லை வகுத்துவிட்டுத்தான் மேலே போகிறது. எதிரி நிறுத்தினால் நிறுத்தச் சொல்கிறது. மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்ற அறிவிப்பும் இதே அத்தியாயத்தின் 256ஆம் வசனம். அல்மாயிதா 48, சமூகங்களுக்கு வெவ்வேறு வழிகள் தரப்பட்டிருப்பதை இறைவனின் ஏற்பாடாகவே சொல்லி, நன்மைகளில் போட்டியிடச் சொல்கிறது. பாளையம் ஜும்ஆ பள்ளிக்குப் பக்கத்திலேயே கணபதி கோயிலும் எதிரில் புனித ஜோசப் பேராலயமும் நிற்கும் திருவனந்தபுரத்தில் இந்த வசனம் தினசரி வாழ்க்கையின் விதி.

வக்கம் மௌலவிக்கு இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கெய்ரோவிலிருந்து. ரஷீத் ரிளா 1898இல் தொடங்கிய ‘அல்-மனார்’ இதழ் அவருக்கு வழிகாட்டி. முஹம்மது அப்துஹு அல்-அஸ்ஹரில் 1899 முதல் ஆற்றிய குர்ஆன் விரிவுரைகளை அந்த இதழ் வெளியிட்டது. இலக்கண நுட்பங்களில் மூழ்காமல், இந்த நூல் மனிதர்களை எப்படி நடக்கச் சொல்கிறது என்று அவர் கேட்டார். 1905இல் அப்துஹு இறந்தபோது விரிவுரை அன்னிஸாவின் 125ஆம் வசனத்தில் நின்றிருந்தது. ரிளா தொடர்ந்து எழுதி யூசுஃப் அத்தியாயம் வரை கொண்டுபோனார், 1935இல் அவரும் மறைந்தார். ஆசாத்தின் நூலும் முற்றுப்பெறவில்லை. நவீன காலத்தின் பெரும் உரைகள் இப்படிப் பாதியில் நின்றதால், அவற்றின் முழு பலமும் தொடக்க அத்தியாயங்களின் மேலேயே விழுந்திருக்கிறது. சமூக நீதி, கல்வி, பகுத்தறிவு என்று இருபதாம் நூற்றாண்டு முஸ்லிம் சீர்திருத்தம் பேசியதில் பெரும்பகுதி அல்பகராவின் வாசனை கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

கேரளத்தில் அதற்கு முன்பே முயற்சி நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தில் மணமுடித்த மாயன்குட்டி எளயா, அரபு மலையாளத்தில் குர்ஆன் முழுமைக்கும் உரை எழுதினார். மலையாள எழுத்தில் முழு மொழிபெயர்ப்பு வர 1950கள் ஆயிற்று. சி. என். அஹ்மத் மௌலவி அதைச் செய்தார், எதிர்ப்பும் வாங்கினார். தமிழில் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் படித்த அ. கா. அப்துல் ஹமீத் பாகவி 1920களில் தொடங்கி 1940களில் முழு மொழிபெயர்ப்பை முடித்தார். ‘தாருல் இஸ்லாம்’ இதழ் நடத்திய பா. தாவூத் ஷா நல்ல தமிழ் உரைநடையில் விளக்கங்கள் எழுதினார். மொழிபெயர்ப்பு வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே, அன்றைய திருவிதாங்கூரில் இருந்த தக்கலையில் பீர் முஹம்மது அப்பாவின் பாடல்கள் வழியாக இந்தக் கருத்துகள் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்குள் வந்திருந்தன. ஞானப்புகழ்ச்சி இன்றும் அங்கே ஆண்டுதோறும் பாடப்படுகிறது. எளிய மக்களுக்கு எதுவுமே தெரியாது என்று சீர்திருத்தக்காரர்கள் சில நேரம் பேசியது நியாயமில்லை.

எதிர்த்த உலமாக்களின் வாதத்தையும் மதித்துக் கேட்க வேண்டும். அரபு இலக்கணம், ஹதீஸ், இறங்கிய சூழல், சட்டவியல் இவற்றைப் பல ஆண்டுகள் படிக்காமல் வெறும் மொழிபெயர்ப்பை வைத்து ஒவ்வொருவரும் தீர்ப்புச் சொல்லக் கிளம்பினால் என்ன ஆகும் என்று அவர்கள் அஞ்சினார்கள். தெளிவான வசனங்களும் பல பொருள் தரும் வசனங்களும் இருப்பதை ஆலு இம்ரானின் 7ஆம் வசனமே சொல்கிறது. ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரைக் காஃபிர் என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போது அந்த அச்சம் வீண் இல்லை என்று தெரிகிறது. கேரளத்தில் 1922இல் கொடுங்ஙல்லூர்ப் பக்கம் எழுந்த முஸ்லிம் ஐக்கிய சங்கமும், 1926இல் மரபைக் காக்க உருவான சமஸ்தா என்ற உலமாக்களின் அமைப்பும் இந்த வழக்கின் இரு தரப்புகள்தான். ஆனால் மௌலவி தனக்குத் தோன்றியதைச் சொன்னவரல்லர். பல்லாண்டு கற்றவர். கற்றவர்கள் கற்றதைக் கல்லாதவரின் மொழியில் சொல்லும் கடமையைத்தான் அவர் வலியுறுத்தினார். அரபு மலையாளத்தில் இதழ் நடத்திக்கொண்டே, முஸ்லிம்கள் மலையாளம் கற்க வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும் என்றார். அரசுப் பள்ளிகளில் அரபு வர உழைத்து, பாடநூல்களும் எழுதினார்.

‘சுதேசாபிமானி’யின் கதையை மத சீர்திருத்தத்திலிருந்து பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளைக்கு எழுத முழுச் சுதந்திரம் கொடுத்தார் மௌலவி. பத்திரிகை திவான் பி. ராஜகோபாலாச்சாரியைத் தாக்கி எழுதியது. 1910 செப்டம்பர் 26 அன்று அரசு அச்சகத்தைக் கைப்பற்றி, பிள்ளையைத் திருநெல்வேலிக்கு நாடு கடத்தியது. மௌலவி மன்னிப்புக் கேட்டு அச்சகத்தை மீட்கப் பார்க்கவில்லை. பாதகம் தனக்கே வந்தாலும் சாட்சியை மாற்றாதே என்ற அன்னிஸா 135ஐ மனதில் வைத்துக்கொண்டு இந்தச் சம்பவத்தை வாசித்தால் அவருடைய இரு வாழ்க்கையும் ஒன்றாகத் தெரிகின்றன.

அல்பகராவின் கடைசிப் பக்கங்களில் வட்டி பற்றிய கண்டனம் 275ஆம் வசனத்தில் தொடங்குகிறது. 280, கடனாளி சிரமத்தில் இருந்தால் தவணை கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்கிறது. 282 குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அதன் பொருள் சொர்க்கமோ நரகமோ அன்று, கடன் பத்திரம். தவணைக் கடன் சிறிதோ பெரிதோ எழுதிக்கொள்ள வேண்டும். எழுதத் தெரிந்தவர் மறுக்கக் கூடாது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குபவர். அவருக்கு இயலாவிட்டால் அவர் சார்பாகப் பொறுப்பாளர் நியாயத்தோடு சொல்ல வேண்டும். சாட்சிகள் வேண்டும். எழுதியவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது.

திருவனந்தபுரத்தில் தனியார் வட்டிக்காரர்களை ‘பிளேடு’ என்பார்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டி. 2003இல் தமிழ்நாடு அதிக வட்டிக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2014இல் இதே திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பம் கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு கேரள போலீஸ் ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரில் வட்டிக்காரர்களிடம் சோதனை நடத்தியது. கைப்பற்றியவற்றில் வெற்றுக் காசோலைகளும் எதுவும் எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கிய முத்திரைத் தாள்களும் இருந்தன. வெற்றுத் தாளில் வாசகத்தைப் பின்னால் எழுதிக்கொள்பவர் கடன் கொடுத்தவர். 282ஆம் வசனம் அந்த வாசகத்தைக் கடன் வாங்குபவரின் வாயிலிருந்து வரச் சொல்கிறது. ரமலானின் மூன்றாம் இரவில் இது ஓதப்படும்போது வரிசையில் கடன் கொடுத்தவரும் நிற்கிறார், வாங்கியவரும் நிற்கிறார். ஓதி முடித்த இமாம் ஐந்து நிமிடம் திரும்பி உட்கார்ந்து, இப்போது ஓதியது என்ன என்று தமிழிலோ மலையாளத்திலோ இருவருக்கும் சொல்ல வேண்டும்.